பீலிக்கு மேல் மருந்து

2003 பெப்ரவரி 11

தலவாக்கலைக்குப் போய் வேலைக்குக் கையெழுத்துப் போட்டு வந்தேன். கள உதவியாளர். பேராதனையில் புவியியல் படித்து முடித்துவிட்டு, ஒன்றரை வருஷம் வீட்டில் ரொட்டி சுட்டதற்குப் பிறகு ஓர் உத்தியோகம். கொழும்பு நிறுவனம், வெளிநாட்டுப் பணம். 'தேயிலைச் செய்கையால் மலைநாட்டுச் சுற்றாடலிலும் வாழ்வாதாரத்திலும் ஏற்படும் விளைவுகள் பற்றிய பங்கேற்பு ஆய்வு.' பெயரைச் சொல்லி முடிக்கவே ஒரு பிளேண்டித் தேத்தண்ணி குடிக்க வேண்டும்.

எங்கள் தோட்டத்தின் முதல் பட்டதாரி நான். முடிவு வந்த அன்று தொழிற்சங்கத் தலைவர் முத்துலிங்கம் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் பதாகை கட்டினார். 'பட்டதாறி லோஜினியை வாழ்த்துகிறோம்.' என் பெயரைவிடத் தலைவர் பெயர் பெரிய எழுத்து. பதாகை இப்போது அவர் வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கூரை. மழை ஒழுகுவதில்லையாம்.

அம்மாவுக்கு ஒரே கேள்விதான். "ஆபீசுல ஒனக்குன்னு கதிர இருக்கா புள்ள?"

ஆபீசே இல்லை அம்மா, நம்ம தோட்டத்தைத்தான் சுற்றிவந்து கேள்வி கேட்க வேண்டும் என்றேன். இருபத்தேழு வருஷமாகக் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்குகிற மலைக்கே மகளையும் அனுப்புகிறார்கள் என்பதுபோலப் பார்த்தாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. சொல்லவில்லை. நான் எதைத்தான் சொல்லியிருக்கிறேன்?

பெப்ரவரி 17

திட்ட அதிகாரி வந்தார். நிரூபா மிஸ். அப்பா அம்மா யாழ்ப்பாணம், அவர் பிறந்து வளர்ந்தது கொழும்பு, படித்தது இங்கிலீசில். வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு மலையேற வந்திருந்தார்.

"எங்கட அப்பப்பாவுக்கும் ஊரில தோட்டம் இருந்தது, லோஜினி. நானும் தோட்டத்துப் பிள்ளைதான்."

அவர் சொல்கிற தோட்டம் வெங்காயமும் மிளகாயும் போடுகிற காணி. அதையும் அவர் பார்த்ததில்லையாம். தாத்தா அதில் நிற்கிற படம் இருக்கிறதாம்.

நாலாம் நம்பர் மலையைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "எவ்வளவு வடிவு! எவ்வளவு சுத்தம்! ஒரு புல்லுக்கூட இல்லை, பாருமன்."

அதுதான் மிஸ் வியாதியே — என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையிலிருந்த போன் கத்தியது. சிக்னல் தேடிப் பாறையில் ஏறிவிட்டார். இறங்கி வரும்போது நான் பழையபடி ஊமை.

பெப்ரவரி 23

அவரிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். கொப்பி குறுக்கே பேசாது.

புல் இருந்தால் மழை மண்ணில் மெதுவாக இறங்கும். புல்லைக் கருக்கிவிட்டால் மழை மண்ணையும் கூட்டிக்கொண்டு இறங்கும். இதற்குப் பேராதனை வேண்டாம். நாலாம் நம்பரில் தேயிலைச் செடிகள் வேர் தெரிய நிற்கின்றன, பாவாடை தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறவர்கள்போல. மலைமண் முழுக்க ஆற்றில். தோட்ட மனேஜர் பெரிய தொரைக்கு அது தெரிவதில்லை. அவருக்கு மலை சவரம் செய்த முகம் மாதிரி இருக்க வேண்டும்.

முன்பெல்லாம் புல் வெட்டுவது கொந்தரப்பு வேலை, ஒப்பந்தக் கூலி. ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டு மலை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவோடு சுரண்டியால் புல் செதுக்கியிருக்கிறேன். சட்டையும் சப்பாத்தும் அதில்தான் வந்தன. கம்பனிகள் தோட்டத்தை எடுத்த பிறகு மருந்து வந்தது. புல்லுக்கு அடிக்கிற மருந்து. நாலு ஆள் டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு போனால் நாற்பது குடும்பத்தின் புல் கருகிவிடும். கொந்தரப்பும்.

அந்த நாலு ஆளில் ஒரு ஆள் என் அண்ணன் அழகன். மருந்தடிக்கிறவர்களுக்குப் பத்து மணிக்கு வேலை முடிந்தாலும் முழுப் பேர் போடுவார்கள் — முழு நாள் சம்பளம். மீதி நேரத்தில் கரட் போடுகிறான், லீக்ஸ் போடுகிறான், நுவரெலியாவுக்கு லொறியில் அனுப்புகிறான். அவனைப் பொறுத்தவரை மருந்து ஒரு சாமி.

சாமி அவன் வலது பெருவிரல் நகத்தைப் போன மாதம் எடுத்துக்கொண்டது.

மார்ச் 2

இன்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பேட்டி. மூன்றாவது காம்பிரா வீட்டு நாகலெட்சுமி அக்காவிடம் உட்கார்ந்தேன். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். நான் பேனாவை எடுத்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டு, சாட்சிக்கூண்டில் ஏறியதுபோல நிமிர்ந்தார்.

"குடிக்கிற தண்ணி எங்கேருந்து எடுக்கிறீங்க?"

"ஏன், ஒனக்குத் தெரியாதா? நீ எங்கேருந்து குடிச்ச?"

"எழுதணும் அக்கா. சொல்லுங்க."

"பீலிலேருந்துதான். வேற என்னா, எங்களுக்குக் கொழாய் போட்டுக் குடுத்துருக்கானா ஒங்க தொரை?"

லயத்துக்கு மேலே பாறையிடுக்கில் ஊறித் தகரக் குழாய் வழியாக விழுகிற தண்ணீர். இருபது காம்பிராவுக்கும் அதுதான். குடிக்க, சமைக்க, பிள்ளை குளிப்பாட்ட.

"தண்ணியில ஏதாவது பிரச்சினை?"

"பீலிக்கு மேல மூணு மாசத்துக்கு ஒருக்கா மருந்தடிக்கிறாங்க. அடிச்சா நாலஞ்சு நாளைக்கு வாட அடிக்கும். தேத்தண்ணி ஊத்துனாலும் வாட போவாது. அப்பறம் நண்டெல்லாம் செத்து மெதக்கும். எழுதிக்க."

சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டேன். அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார்கள்.

எழுதும்போதே ஒரு முடிவும் எடுத்தேன். இந்த ஆய்வால் மலை மாறாது, தொரை மாறமாட்டார், ஆறு தெளியாது. ஒரே ஒரு வரி வந்தால் போதும். பீலிக்கு மேல் மருந்தடிப்பதை நிறுத்த வேண்டும் என்று ஒரு வரி. அண்ணிக்கு இது நாலாம் மாதம். அவளும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள்.

மார்ச் 9

நிரூபா மிஸ் என் குறிப்புகளைப் படித்தார். சிவப்புப் பேனாவோடு.

"இதென்ன லோஜினி, 'அடிக்கிறாங்க', 'வாட', 'ஒருக்கா'? நீர் ஒரு பட்டதாரி. இது கொச்சை. கொழும்பில பெரிய ஆக்கள் வாசிக்கிறது."

"அவங்க சொன்னதுதான் மிஸ்—"

"சொல்லட்டும். நாங்கள் திருத்தி எழுதத்தானே இருக்கிறம். உம்மட குறிப்புகளைத் தாரும், நானே நல்ல தமிழில மாத்திறன்."

கொடுத்தேன். போகும்போது, "கவலைப்படாதையும், பழகப் பழக வரும்" என்று தோளில் தட்டினார். எனக்குத் தமிழ் வரும் என்று ஆறுதல்! என் மூஞ்சியில் அப்படி என்ன எழுதியிருக்கிறதோ?

ஏப்ரல் 6

புது வருஷத்துக்கு முன்னால் மலையைச் சுத்தம் செய்யச் சொல்லி உத்தரவு. பீலிக்கு மேல் இன்று அடித்தார்கள். அண்ணன்தான் அந்தப் பக்கம்.

சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "அந்த எடத்த மட்டும் விட்டுட்டு அடிக்கக்கூடாதா அண்ணே?"

"விட்டா கணக்கப்பிள்ள என் பேர வெட்டுவான். நீ குடுப்பியா?"

"அண்ணி குடிக்கிற தண்ணி."

"தண்ணி ஓடிக்கிட்டேதான இருக்கு. ஓடுற தண்ணியில மருந்து நிக்குமா? இவ்வளவு படிச்சும் இதுகூடத் தெரியல."

அண்ணி தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தாள். அம்மா, "சாப்பிடுறப்ப என்னா மருந்துப் பேச்சு" என்றாள். அத்தோடு எங்கள் வீட்டுப் பங்கேற்பு ஆய்வு முடிந்தது.

ஏப்ரல் 8

தேத்தண்ணீரில் வாடை.

ஜூன் 15

நிற்காத மழை. ஆறு செங்கல் கரைத்ததுபோல ஓடுகிறது. ஐந்தாம் நம்பரில் ஒரு வடிகான் உடைந்து, பத்துப் பன்னிரண்டு தேயிலைச் செடி நின்ற நிலையிலேயே கீழே வந்துவிட்டன. பெரிய தொரை குடையோடு வந்து பார்த்தார். "மழை கூடிப்போச்சு" என்றார். கணக்கப்பிள்ளையும் "ஆமாங்க, மழ கூடிப்போச்சு" என்றார். தலைவரும் வந்து அதையே சொன்னார். வானத்தைத் தவிர யார்மேலும் குற்றமில்லை.

ஜூலை 20

அறிக்கை அச்சாகி வந்துவிட்டது. பளபளப்பான தாள். அட்டையில் நாகலெட்சுமி அக்கா கூடையோடு சிரிக்கிறார். படம் எடுத்தவன் சிரிக்கச் சொன்னானாம்.

முப்பத்தோராம் பக்கம். அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

'தோட்ட நிருவாகம் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தவறாது மருந்து வழங்கி வருகின்றது. குடிநீர் ஊற்றுக்கும் மருந்து இடப்படுகின்றது. மருந்திட்ட பின் சில நாட்களுக்கு நீரில் இலேசான மணம் வீசுவதாகப் பயனாளிகள் தெரிவித்தனர்.'

அடிக்கிறாங்க — வழங்கி வருகின்றது. வாட — மணம். செத்த நண்டுகளைக் காணவே இல்லை. நல்ல தமிழில் அவற்றுக்கு இடமில்லை போலிருக்கிறது.

பீலியில் குளோரின் போடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார் அந்தப் புண்ணியவதி! புல்லுக்கு அடிக்கிறதையும் மருந்து என்று சொல்வார்கள் என்பது இந்த நாட்டில் மண்ணைத் தொட்ட எவருக்கும் தெரியும். சிங்களத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவருடைய அப்பப்பாவுக்கும் தெரிந்திருக்கும். படத்தில் இருக்கிற அப்பப்பாவுக்கு.

சிபாரிசுகள் அடுத்த பக்கத்தில். 'இத்தோட்டம் ஏனைய தோட்டங்களுக்கு ஒரு முன்மாதிரி.'

நான் கேட்டது ஒரு வரி. கெடச்சது இது. அய்யோ, என்னா செய்வேன் நான். அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்.

ஜூலை 21

அக்கரப்பத்தனைக்கு நடந்து போய்த் தொலைபேசிக் கடையிலிருந்து கொழும்புக்குப் பேசினேன். என்ன சொல்ல வேண்டும் என்று கையில் எழுதிக்கொண்டு போனேன். வியர்வையில் பாதி அழிந்துவிட்டது. மீதியைச் சொன்னேன்.

மிஸ் கேட்டார்: "நஞ்செண்டால் நஞ்செண்டு எழுதியிருக்கலாமே? ஏன் மருந்தெண்டு எழுதினனீர்?"

"இங்க எல்லாரும் அப்படித்தான் மிஸ் சொல்லுவாங்க."

"அது உங்கட ஆக்களின்ர பிழை. நான் என்ன செய்யிறது? அச்சடிச்சாச்சு. அதைவிட, இதால உங்கட தோட்டத்துக்கு எவ்வளவு நல்ல பெயர், தெரியுமே? காசு தாற இடத்திலயிருந்தே ஆள் வந்து பார்க்கப் போகினம். நீர்தான் கூட நிண்டு மொழிபெயர்க்கவேணும். வடிவா சாறி கட்டிக்கொண்டு வாரும்."

வடிவாகச் சாறி. சரி மிஸ்.

ஜூலை 24

தலைவர் முத்துலிங்கத்திடம் போனேன். கோழிக்கூட்டின் மேல் என் பெயர் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. அறிக்கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு பக்கமும் படிக்கவில்லை என்பது மடிப்பு விழாத தாளிலேயே தெரிந்தது.

"மருந்துன்னுதான போட்டுருக்கு. நாமளும் மருந்துன்னுதான சொல்றோம். இதுல என்னா புள்ள பொய்யி?"

பொய்யே இல்லாத பொய்.

"தொரை சந்தோசமா இருக்காரு. வெளிநாட்டுக்கு நம்ம தூள விக்க ஏதோ சர்டிபிகேட்டு கெடைக்குமாம். இந்த நேரத்துல வாயத் தொறந்து கெடுத்துப்புடாத. நீ நல்ல புள்ள, எப்பவும் பேசாத புள்ள."

அதுதான் என் நற்சான்றிதழ்.

ஓகஸ்ட் 20

காசு தருகிற இடத்து ஆட்கள் நாளைக்கு வருகிறார்கள். லயத்துக்கு வெள்ளை அடிக்கிறார்கள், ரோட்டிலிருந்து தெரிகிற பக்கம் மட்டும். என் வாழ்நாளில் முதல்தடவையாகக் கக்கூசுக்குக் கதவு.

தொரை மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பீலிக்கு மேலே கைகாட்டினாராம். மழைக்குப் புல் முளைத்திருந்தது. ஊத்தையாக இருக்கிறது, வெள்ளைக்காரர் வரும்போது சுத்தமாக இருக்க வேண்டும் என்றாராம்.

அதனால் இன்று காலையில் அடித்தார்கள். வெள்ளைக்காரர் வந்து பார்க்கப்போகும் ஊற்றுக்கு மேலேயே! இதை நான் கற்பனை செய்திருந்தால் கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருப்பேன்.

அண்ணிக்கு இது ஒன்பதாம் மாதம். ஆற்றுக்குப் போய்க் குடத்தில் எடுத்து வந்தேன். ஆறு மட்டும் யோக்கியமா? எது குறைந்த நஞ்சு என்று பார்த்துக் குடிக்கிற நிலை.

ஓகஸ்ட் 21

ஒழுங்காக எழுத வேண்டும். எதையும் விடக்கூடாது.

மூன்று வாகனம். வந்தது ஒரு வெள்ளைக்கார அம்மா, ஐம்பது வயதிருக்கும், சிவந்த மூக்கு, நல்ல சிரிப்பு. பெரிய தொரை, சின்னத் தொரை, நிரூபா மிஸ், மாலையோடு தலைவர். மருந்தடிக்கிற நாலு பேரையும் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். புதுக் கையுறை, புது முகமூடி, புதுப் பூட்ஸ். நேற்று அடிக்கும்போது இல்லாதது. இன்று அடிக்கவில்லை, நிற்கிறார்கள். நிற்பதற்குத்தான் பாதுகாப்பு. அண்ணன் கையுறைக்குள் விரலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நேராகப் பீலிக்கு வந்தார்கள். முப்பத்தோராம் பக்கத்தை அந்த அம்மா கையில் மடித்து வைத்திருந்தார், இங்கிலீஸ் பிரதி. ஊற்றுக்கு மருந்து போடுகிற தோட்டத்தை இந்த நாட்டில் இப்போதுதான் பார்க்கிறாராம். தொரையைப் பாராட்டினார். தொரைக்கு ஒரு நொடி விளங்கவில்லை. பிறகு விளங்கியது — நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன் — விளங்கியதும் சிரித்து, நன்றி சொன்னார். அந்த நொடியை மறக்க மாட்டேன். தெரியாமல் செய்கிறவர் நிரூபா மிஸ். தெரிந்து நன்றி சொன்னவர் இவர்.

அந்த அம்மா கிளாஸ் கேட்டார். குடித்துப் பார்க்க வேண்டுமாம். மக்கள் குடிப்பதை நானும் குடிப்பேன் என்றார். படம் எடுப்பவன் முன்னால் வந்தான். தலைவர் வீட்டுக் கண்ணாடிக் கிளாஸ், பூப்போட்டது. தொரையின் சிரிப்பு இப்போது கொஞ்சம் கோணிவிட்டது. வாய் மட்டும் திறக்கவில்லை.

பின்னாலிருந்து நாகலெட்சுமி அக்கா சத்தம் போட்டார். "ஏ புள்ள லோஜினி! அந்தம்மாவக் குடிக்காதேன்னு சொல்லு. நேத்துதான மருந்தடிச்சாங்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் நிரூபா மிஸ் முந்திக்கொண்டார். மலர்ந்த முகத்தோடு இங்கிலீசில் சொன்னார்: நேற்றுத்தான் மருந்து போட்டார்களாம், மணமிருக்குமே என்று கவலைப்படுகிறார்கள்.

"எவ்வளவு அன்பு!" என்றார் அந்த அம்மா. கிளாஸைத் தூக்கினார்.

அந்த அம்மா யாரோ. ஒரு மிடறில் ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் அவர் குடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. குடித்துச் சிரித்துப் படமும் எடுத்துவிட்டால், இந்தத் தண்ணீர் இனி என்றைக்கும் நல்ல தண்ணீர். அண்ணிக்கும், வயிற்றுக்குள் இருப்பதற்கும் நல்ல தண்ணீர்.

"நோட் மெடிசின்" என்று யாரோ சொன்னது கேட்டது. நான்தான். "மேடம், நோட் மெடிசின். வீடிசைட். போர் த கிராஸ். டோன்ட் டிரிங்க்."

நாலு வருஷம் படித்த இங்கிலீஸ், ஒழுங்கான ஒரு வசனம்கூட இல்லை. கையை நீட்டிப் பீலிக்கு மேலே காட்டினேன். பச்சை மலையில் அந்தத் துண்டு மட்டும் வாடி மஞ்சளாகிக்கொண்டிருந்தது. சுத்தமாக.

கிளாஸ் உதட்டுக்குப் பக்கத்தில் நின்றது. முகர்ந்து பார்த்தார். கீழே வைத்தார்.

யார் அடித்தது என்று கேட்டார். எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பின. தொரையின் தலை, தலைவரின் தலை, கணக்கப்பிள்ளையின் தலை. அடிக்கச் சொன்னது யார் என்று கேட்டிருந்தால் ஒருவரும் திரும்பியிருக்க மாட்டார்கள். அண்ணன் முகமூடியைக் கழற்றி என்னைப் பார்த்தான்.

நிரூபா மிஸ் போகும்போது காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி, "என்னட்டத் தனிய சொல்லியிருக்கலாமே" என்றார். கண் கலங்கியிருந்தது. பொய்யான அழுகை இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஓகஸ்ட் 29

பீலிக்கு மேலே வெள்ளைக் கல் வரிசை நட்டிருக்கிறார்கள். அதற்குள் மருந்து அடிக்கக் கூடாது என்று கொழும்பிலிருந்து உத்தரவு. தொரை பெரட்டில் அறிவித்தாராம், மக்களின் நலன் கருதித் தாமே எடுத்த முடிவு என்று. தலைவர் கைதட்டினாராம்.

கல்லுக்கு வெளியே பழையபடி. அடுத்த டிவிசன் பீலிக்கு மேலும் பழையபடி. அங்கே வெள்ளைக்காரர் தண்ணீர் கேட்கவில்லை.

செப்டெம்பர் 3

அண்ணனை மருந்து வேலையிலிருந்து தூக்கிவிட்டார்கள். கல் வரிசைக்குள் கையால் புல் செதுக்குகிற வேலை. மாலைவரை நின்றால்தான் பேர். கரட் பாத்தி தண்ணீரில்லாமல் கிடக்கிறது.

என்னோடு பேசுவதில்லை. தட்டைத் தள்ளுகிறான். அம்மாவிடம் சொல்கிறான்: "ஊர்ல எல்லாரும் காட்டிக்குடுக்கத்தான் சொந்தக்காரன வச்சிருக்காங்க. நாம இவளப் படிக்கவச்சு ரெடி பண்ணோம்."

நான் கைகாட்டியது மலையை. மற்றவர்கள் காட்டியதுதான் அவனை. இதை அவனிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் டாங்கி திரும்பி வராது. நான் செய்ததற்கு அவன் தண்டனை அனுபவிக்கிறான் — இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

செப்டெம்பர் 12

நிறுவனத்திலிருந்து செய்தி. ஒப்பந்தம் நீடிக்கப்படாது. 'உங்கள் பங்களிப்புக்கு நன்றி.'

கூடவே அறிக்கையின் திருத்தம். முப்பத்தோராம் பக்கத்தில் ஒட்ட ஒரு சிறு தாள். 'மருந்து' என்று வருமிடங்களில் 'விவசாய மருந்து' என வாசிக்கவும்.

வாசித்தேன். 'குடிநீர் ஊற்றுக்கும் விவசாய மருந்து இடப்படுகின்றது.' அவர்களே உண்மையை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள், தெரியாமல். முன்மாதிரித் தோட்டம் என்ற வரிக்குத் திருத்தமில்லை.

செப்டெம்பர் 19

பெண் குழந்தை. மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. விரல்கள் பத்தும் இருக்கின்றன, நகங்களும். அண்ணன் அந்த நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒக்டோபர் 5

நிரந்தர வேலை ஒன்றுமில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஆசிரியை பிரசவ விடுமுறை. பதிலுக்குப் போகிறேன். கதிரை இருக்கிறது. ஒரு கால் ஆடுகிறது. அம்மாவுக்குப் பரம திருப்தி.

ஒக்டோபர் 21

நாகலெட்சுமி அக்கா வழியில் மறித்துக் கேட்டார்: "அந்தப் புத்தகத்துல நான் சொன்னதத்தான எழுதுனாங்க?" அட்டைப் படத்தை வெட்டிச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாராம். ஆமாம் அக்கா என்றேன். வேறு என்ன சொல்வது? படத்தில் அவர் உண்மையாகவே அழகாக இருக்கிறார்.

நவம்பர் 16

காலையிலிருந்து மழை. பீலிக்குப் போன அம்மா வாசலிலேயே குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கத்தினாள். "ஏண்டி! இங்க வந்து பாரு! எத்தன வருசமா இந்த வழியில ஒண்ணும் இல்ல. இப்ப காலு வைக்க முடியல!"

கணுக்காலில் இரண்டு அட்டைகள். ஒன்று இரத்தம் குடித்துத் திராட்சை மாதிரி. புல் வளர்ந்துவிட்டது, கல் வரிசைக்குள் முழங்கால் உயரம். ஒரு மாதமாக மழையென்று புல் செதுக்கவும் ஆள் போகவில்லை.

நான் சுவரோடு நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாவுக்கு இன்னும் கோபம். "சிரிக்கிறா பாரு! ரத்தம் ஓடுது, இவளுக்குச் சிரிப்பு!"

அண்ணன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளேயிருந்து வந்தான். குனிந்து பார்த்தான். அடுப்பங்கரைக்குப் போய் உப்பை அள்ளி வந்தவன், போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னான், எனக்குக் கேட்கும்படி:

"பாத்து எடும்மா. இங்கிலீசுல பேசி வளத்த அட்ட. அதுக்கும் சர்டிபிகேட்டு இருக்கும்."